அம்மாவைக் கதிரையில் இருந்து எழுப்ப எது தோது? வன்னி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

கனடாவில் இருக்கும் மகன் கேட்பது ஒன்று, கிளிநொச்சியில் தாயோடு இருக்கும் மகள் சொல்வது இன்னொன்று. "ஒரு சைக்கிள் மெஷின் எடுத்துக் குடுக்கட்டோ அக்கா?" என்பார் அவர். "கிளினிக்கில நடக்கச் சொல்லித்தான் விட்டவை. அம்மா கேற்றடி மட்டும்கூடப் போறா இல்லை" என்பார் இவர். தாய்க்கு எழுபது கடந்துவிட்டது. சீனி, பிரஷர், முழங்கால் உளைவு. விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, எதிரே ரீவி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணிப் போத்தலும் குளிசைப் பையும். எழும்ப வேண்டிய தேவை ஒன்றும் வராதபடி எல்லாம் அன்போடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

வன்னியில் இந்தப் பேச்சு நடக்காத வீடு குறைவு. முடிவெடுப்பது பெரும்பாலும் பிள்ளைகள். காசு ஒருவர் கையில், ஆள் மற்றவர் பொறுப்பில். எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு நேரம் செலவழிக்கலாம், எதைப் பேசாமல் விட்டுவிடலாம் என்று பார்ப்போம்.

அதற்கு முதல் ஒரு விசயத்தைப் பிரித்து வைக்க வேண்டும். "அம்மா அசையிறா இல்லை" என்று சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு வேறு குறைகள் கிடக்கின்றன. மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு நடையோ வேலையோ இல்லாதது ஒன்று. காலில் பலமும் நிற்கும்போது நிதானமும் குறைந்துகொண்டு போவது அடுத்தது. மூன்றாவது, ஒரே இருப்பாக மணிக்கணக்கில் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது: 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி, குறைந்தது மூன்று நாள் சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி, இவற்றுக்குப் புறம்பாக, கதிரையில் இருந்துகொண்டே கழிக்கும் நேரத்தைக் குறைத்தல். மிதமான அசைவு என்றால் செய்துகொண்டே கதைக்கலாம், ஆனால் பாட்டுப் பாட ஏலாது, அவ்வளவுதான் கணக்கு.

ஒன்றைச் செய்தால் மற்றது தன்பாட்டில் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருப்பவர்கள் அந்தக் கெடுதலைப் போக்க நாளாந்தம் 60 முதல் 75 நிமிடம் வரை மிதமாக அசைய வேண்டியிருக்கும் என்று அது கண்டது. முழங்கால் தேய்ந்த எழுபது வயது மனுசியிடம் போய் ஒன்றேகால் மணித்தியாலம் நடவுங்கோ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஆகவே கதிரையை விட்டு அடிக்கடி எழும்புவது தனியாகப் பார்க்க வேண்டிய விசயம். எங்கள் ஊர்களில் ஆகவும் கவனிக்காமல் விடப்படுவதும் அதுதான்.

மெஷினும் மணிக்கூடும்

வெளிநாட்டுக் காசு முதலில் தேடிப் போவது மெஷினை. காரணம் விளங்குகிறது, தூரத்தில் இருப்பவரால் உடனே செய்யக்கூடியது வாங்கிக் கொடுப்பது ஒன்றுதான். சைக்கிள் மெஷினுக்கு நல்ல பக்கமும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் பயமில்லை, நாய் கடிக்காது, உடம்புப் பாரம் முழங்காலில் இறங்காது. முழங்கால் தேய்ந்த சிலருக்கு நடப்பதைவிட மிதிப்பது சுகம்.

ஆனால் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இளம் ஆட்களின் கால் நீளத்துக்குச் செய்தவை. ஆசனத்தை ஆகக் கீழே இறக்கினாலும் நாலேமுக்கால் அடி உயரமான அம்மாவுக்கு ஏற ஒரு பலகை வேண்டும், பிடிக்க ஒரு தோள் வேண்டும். சேலையோடு ஏறவே ஏலாது. தோள் கொடுக்கிற மகள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க மெஷின் சும்மா நிற்கும். ஏறி மிதித்தாலும் முதலாவது குறை மட்டும்தான் தீரும். நிற்பதற்கு வேண்டிய நிதானம் இருந்துகொண்டு மிதிப்பதால் வராது. பார்க்கப்போனால் மெஷினும் ரீவிக்கு முன்னால் போட்ட இன்னொரு இருக்கைதான். பெல்ற்றில் ஓடுகிற மெஷினை இந்த வயதில் வாங்கவே வேண்டாம் என்பேன். தடுமாற்றம் உள்ளவர் விழுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. கட்டாயம் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நிற்பவர்கள், கதிரைக்கு முன்னால் நிலத்தில் வைத்து மிதிக்கிற சின்னப் பெடலை வாங்கலாம். விலையும் குறைவு, ஏறி இறங்கும் பாடும் இல்லை.

அடி எண்ணுகிற மணிக்கூடு பற்றியும் ஒரு சொல். அதோடு சேர்ந்து வருகிற "பத்தாயிரம் அடி" என்ற கணக்கு 1965இல் ஜப்பானில் சந்தைக்கு வந்த ஒரு நடைமானியின் விற்பனைப் பெயரில் இருந்து பரவியது. எந்த வைத்தியரும் ஆராய்ந்து வைத்த அளவு அல்ல அது. 2019இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு வீதம் குறைவாக இருந்தது; ஏறத்தாழ 7,500 அடிக்குப் பிறகு மேலதிகமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் குசினிக்கும் போய்வரும் ஒருவர் 4,400ஐத் தொடுவது பெரிய காரியம் அல்ல. எண்ணைப் பார்த்து உசார் வருகிற ஆள் என்றால் மணிக்கூடு நல்லது. எண்ணைப் பார்த்து "என்னால ஏலாதாம்" என்று மனம் விடுகிற ஆள் என்றால் அந்தக் காசைப் பேசாமல் மிச்சம் பிடியுங்கள்.

நடை

கிளினிக்கில் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான். பிழையில்லை. செலவு ஒரு சோடி நல்ல செருப்பு. அடி தேய்ந்த குளியலறைச் செருப்போடு நடக்க விடாதீர்கள். சீனிக்கும் பிரஷருக்கும் நித்திரைக்கும் நடை நல்லது என்பதில் இரண்டு கதை இல்லை.

எங்கே நடப்பது என்பதில்தான் வன்னிக்குரிய சிக்கல் தொடங்குகிறது. ஏ9 கரையில் விடியப்புறம் நடப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு திக்கென்கும். யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்கள் கடைசி நேரத்தை மிச்சம் பிடிக்கிற பொழுது அது. குளக்கட்டு அழகு, இரணைமடுவோ கனகாம்பிகைக்குளமோ வவுனிக்குளமோ பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காற்றும் சமதரையும் சும்மா கிடைக்கின்றன. ஆனால் கட்டுக்கு ஏறும் சரிவிலும் உருண்டையான கிறவல் கல்லிலும்தான் வயதானவர்கள் சறுக்குகிறார்கள். காட்டுக்கரைக் கிராமங்களில் ஆறு மணிக்குப் பிறகு யானைப் பயம் வேறு. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்களில் பழகிய பாதையை விட்டு ஒதுங்கவே கூடாது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

எங்களிடம் யாழ்ப்பாணப் பட்டணத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது: பெரிய வளவு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கிடக்கும் காணியில் வேலியோரமாக ஒரு பாதையைச் செதுக்கி, தேங்காய் மட்டையையும் வேரையும் அகற்றிவிட்டால் அதுவே நடைபாதை. வாகனம் இல்லை, களைத்தால் மாமரத்தின் கீழ் ஒரு வாங்கு. விழுந்தால் கூப்பிட்ட குரல் கேட்கும்.

நடையின் குறை இரண்டு. ஒன்று பருவம். சித்திரை, வைகாசி வெயிலும் அதன் பின்னான சோளகத் தூசியும் பகல் நடையை விடாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை, சேறு. ஆண்டில் பல கிழமைகள் இப்படியே அறுந்து போகும், அறுந்த பழக்கத்தை வயதானவர் திரும்பத் தொடங்குவது லேசு அல்ல. மற்றது, நடை விழுவதைத் தடுக்கும் என்று நம்பியிருப்பது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வில், சமநிலையும் எழும்பி இருக்கும் அசைவுகளும் சேர்ந்த பயிற்சிகள் முதியோர் விழும் தடவைகளை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தன. நடை மட்டும் குறைக்கிறதா என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை. தொடை எலும்பு முறிந்து படுத்த ஒருவரைப் பார்த்த குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இன்சுலின் போடுபவர்களும் சீனிக் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றோடு நடக்கப் போக வேண்டாம். இடுப்பில் இரண்டு டொபி இருக்கட்டும்.

கதிரையே பயிற்சி

பார்வைக்கு ஒன்றுமில்லாதது, செலவும் இல்லாதது. என் கணிப்பில் முதலிடம் இதற்குத்தான்: கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி, திரும்ப மெல்ல இருப்பது.

கிணற்றில் துலா மிதித்து, வயலில் நாற்று நட்டு, உரலில் இடித்த உடம்புக்கு இது பயிற்சியா என்று கேட்பார்கள். "நாங்கள் செய்யாத வேலையோ பிள்ளை?" என்பது வழக்கமான பதில். உண்மைதான். ஆனால் தசைக்குப் பழைய கணக்கு தெரியாது. அன்று நிலத்தில் பாய் போட்டு இருந்தோம், குந்தி இருந்து அடுப்பு ஊதினோம், அம்மியில் அரைத்தோம். நாளில் எத்தனையோ தடவை நிலத்தில் இருந்து எழும்ப வேண்டியிருந்தது. மோட்டர் வந்தது, கிரைண்டர் வந்தது, காஸ் அடுப்பு வந்தது, கொமட் வந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான். அந்தக் குனிந்த வேலைகளில்தான் பலரின் நாரியும் முழங்காலும் தேய்ந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது சில எழும்புதல்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எப்படிச் செய்வது? பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். ஓட்டுத் தரையில் அது பின்னால் வழுக்கும், கால் விரியும். கை வைத்த மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா கதிரையின் முன்விளிம்புக்கு அரங்கி வரட்டும். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, இடுப்பளவு அகலத்தில் வைக்கட்டும். பிறகு உடம்பை முன்னால் சரித்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்போது எழும்ப வேண்டும். பெரும்பாலானோர் பிழைப்பது இந்த இடத்தில்: முதுகை நிமிர்த்திக்கொண்டே எழும்பப் பார்ப்பார்கள், அப்போது முழங்கால் நோகும், "ஏலாது" என்று விடுவார்கள். முன்னால் சரிந்தால் பாரம் தொடைக்குப் போகும். எழும்பியவுடன் நடக்காமல் ஒருகணம் நிற்கட்டும். பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றலாம். இருக்கும்போது தொப்பென்று விழாமல் நாலு எண்ணும் நேரம் எடுத்து இறங்க வேண்டும். அந்த இறக்கத்திலும் பலம் கூடும். முதலில் கைப்பிடியைப் பிடித்தபடி ஐந்து தடவை போதும். பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல்.

எங்கே நிற்கிறோம் என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் முதியோர் விழுவதைத் தடுப்பதற்காகத் தரும் அளவின்படி 70 முதல் 74 வயதுப் பெண் 10க்குக் குறைவாகவும் ஆண் 12க்குக் குறைவாகவும் செய்தால் அது அந்த வயதின் சராசரிக்குக் கீழே. 80 முதல் 84 வரையானவர்களுக்கு அந்த எல்லை பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. மருமகனோ பேரனோ பக்கத்தில் நிற்காமல் இந்தச் சோதனையைச் செய்விக்க வேண்டாம்.

இதோடு குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்கால் உயர்த்தல், பக்கவாட்டில் கால் தூக்கல், ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலை வைத்து நிற்றல் என்று சேர்த்தால், நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான வீட்டுப் பயிற்சி முறையின் சாரம் கிடைத்துவிடும். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். அந்த முறை விழுதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அதில் காலில் கட்டும் பாரத்துக்கு மணல் நிரப்பிய துணிப்பை போதும்.

ஒரே மூச்சில் முப்பது தடவை எழும்பி இருந்துவிட்டு மிச்ச நாள் ரீவி பார்த்தால் பலம் வரும், ஆனால் மூன்றாவது குறை அப்படியே கிடக்கும். விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து தடவை என்று பிரித்துப் போட்டால் இரண்டும் தீரும். சீரியல்காரர்கள் விளம்பரத்துக்குக் குறை வைப்பதில்லை. சாப்பிட்ட பின் அப்படியே இருக்காமல் இடையிடையே எழும்பி இரண்டு நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறைகிறது என்று 2012இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. நடுவயதுக்காரரிடம் செய்ததுதான், என்றாலும் மத்தியானச் சோறு எங்கள் அம்மாக்களுக்கும் சோறுதான்.

இந்தத் தெரிவின் பலவீனம் அலுப்பு. காரணமில்லாமல் எழும்பி இருப்பது பைத்தியக்கார வேலை போலத் தோன்றும். ஒருவர் கூட நின்று எண்ணாவிட்டால் ஒரு கிழமைக்குமேல் ஓடாது. பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பை அதனிடம் கொடுங்கள். "அம்மம்மா, இன்னும் ரெண்டு, ஏமாத்தாதேங்கோ" என்று அது நிற்கும்போது மறுக்க யாருக்கும் மனம் வராது.

வளவு வேலையும் ஊர்வாயும்

காரணத்தோடு எழுப்புகிற தெரிவு வளவு வேலை. முத்தம் கூட்டுவது, கோழி திறந்து விடுவது, பூமரத்துக்குத் தண்ணி விடுவது, கத்தரி, மிளகாய், பசளி பார்ப்பது, முருங்கைக்காய் முற்றிவிட்டதா என்று அண்ணாந்து பார்ப்பது. இவற்றில் பல லேசான அசைவுதான். கிழமைக்கு 150 நிமிடக் கணக்கில் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. ஆனால் கதிரையில் இருந்து ஆளைப் பிய்த்தெடுப்பதில் இதற்கு ஈடு இல்லை. கோழி கொக்கரித்தால் எழும்பாத அம்மா கிடையாது.

தடை உடம்பில் இல்லை, ஊர்வாயில் இருக்கிறது. வயதான தாய் முத்தம் கூட்டுவதைக் கண்டால் பக்கத்து வளவில் இருந்து ஒரு குரல் வரும்: "கிழவியிட்ட வேலை வாங்கினம் பார்." பழி மருமகளுக்குப் போகும். அதற்குப் பயந்தே எத்தனையோ மருமக்கள் "மாமி, நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்" என்று விளக்குமாற்றைப் பறிக்கிறார்கள். மகனும் "பட்ட பாடு காணும், இனி இருந்து சாப்பிடட்டும்" என்பான். 2009க்கு முன்னும் பின்னும் இவர்கள் சுமந்ததையும் நடந்ததையும் கண்ட பிள்ளைகள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம்தான் இன்று அவர்களின் காலைக் கரைக்கிறது.

ஆகவே வேலையைத் திரும்பக் கொடுப்பது பிள்ளைகள் கூடி எடுக்க வேண்டிய முடிவு. மருமகள் தனியாக எடுத்தால் அவள் கெட்ட பெயர் வாங்குவாள். மகன்தான் வாய் திறந்து, நாலுபேர் கேட்கச் சொல்ல வேண்டும்: "டொக்டர் சொன்னவர், அம்மா வேலை செய்யத்தான் வேணுமாம்." டொக்டரின் பெயர் ஊர்வாயை அடைக்கும். கொடுக்கும் வேலை உதவி போலவும் இருக்கக் கூடாது. அது அவருக்கே உரியதாக, செய்யாவிட்டால் வீட்டில் ஏதாவது குறைவதாக இருக்க வேண்டும். கோழி முட்டை அம்மாவின் கணக்கு, காசும் அவர் கையில் என்றால் எவரும் எழுப்ப வேண்டியதில்லை. பாரம் தூக்குவது, ஏணி ஏறுவது, கிணற்றுக் கட்டில் குனிவது மட்டும் வேண்டாம். தும்புத்தடிக்கு நீண்ட பிடி போடுங்கள், பாத்தியை முழங்கால் உயரத்துக்குக் கட்டிக் கொடுங்கள். காலை பத்து மணிக்கு முன்னும் பின்னேரம் நாலு மணிக்குப் பின்னும்தான். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வெயிலையும் தண்ணீர் குடிக்கும் அளவையும் வைத்தியரிடம் கேட்டே நடக்க வேண்டும்.

தூரத்தில் இருக்கும் மகனுக்கும் இதில் வேலை உண்டு. வட்சப்பில் "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டால் பதில் கதிரையில் இருந்தே வரும். "கத்தரி பூத்திட்டுதோ, காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டால் எழும்பித்தான் ஆக வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நடக்க விடாதீர்கள். பாத்தியடியில் போய் நின்ற பிறகு கமராவைத் திருப்பச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிப்போவதும் இதே இனம்தான். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடிய முன்னமே மகள் போய்விடுகிற வீடுகளில் இது ஏற்கெனவே அம்மம்மாக்களின் வேலை. அவர்களை ஓட்டோவில் ஏற்றிவிடாமல் இருந்தாலே காணும்.

சங்கமும் கோவிலும்

முதியோர் சங்கம் கிராம சேவையாளர் பிரிவுதோறும் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த அமைப்பு அது. ஆள் சேரும், சிரிப்பு வரும், தனித்திருக்கும் விதவைத் தாய்மாருக்கு அது மருந்து. அசைவுக்கு என்று பார்த்தால் ஏமாற்றம்தான். கூட்டம் என்றால் கதிரை. ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தினத்துக்குப் பந்தல் போட்டு, மாலை போட்டு, மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்து உடல் நலம் பற்றிப் பேசுவார்கள். சங்கத்தில் ஒருவர் துணிந்து, கூட்டம் தொடங்க முதல் எல்லாரும் கதிரையைப் பிடித்துப் பத்து நிமிடம் பயிற்சி என்று வைத்தால் இந்தத் தெரிவின் தரமே மாறிவிடும். வீட்டில் தனியே செய்ய வெட்கப்படுகிறவர் கூட்டத்தில் செய்வார்.

கோவில் வேறு கதை. கேற்றடி மட்டும் போக ஏலாத அம்மா வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவிரவாக நிற்கிறார், வீதி சுற்றுகிறார். மடுத் திருவிழாவிலும் இதையே காணலாம். ஏலும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வருடத்தில் ஒரு நாள் தெரிகிற அந்தப் பலத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளையாரடிக்கு நடந்து போவதாக மாற்றலாம். கூட்டிப்போக ஒரு தோழி வேண்டும். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பேசி இரண்டு தாய்மாரைச் சோடி சேர்த்துவிட்டால் பிறகு ஒருவர் மற்றவரை விடமாட்டார்.

எந்த வீட்டுக்கு எது

மகளோ மருமகளோ பகலில் வீட்டில் இருந்தால்: வளவு வேலை முதலில், விளம்பர நேரத்து எழும்புதல் அதோடு, நடை மூன்றாவது. பகலில் ஒருவரும் இல்லாத வீட்டில் தடுமாற்றம் உள்ளவரைத் தனியே பயிற்சி செய்ய விட வேண்டாம். பள்ளி விட்டுப் பேரப்பிள்ளை வந்த பிறகு, அல்லது பக்கத்து வீட்டுத் தோழியோடு. தனியே வாழ்பவருக்குச் சங்கமும் கோவிலும்தான் முதல், மற்றவை அந்தச் சோடியோடு.

மெஷினுக்கென்று ஒதுக்கிய காசு இருந்தால் அதை இப்படிப் பிரிப்பேன்: கக்கூசிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் பதித்த கைப்பிடி, வீட்டில் இருந்து கிணற்றடி மட்டும் வழுக்காத சொரசொரப்பான சீமெந்துப் பாதை, ஒரு பாரமான மரக்கதிரை, பின்பட்டி உள்ள செருப்பு, கண்ணில் வெண்புரை இருந்தால் அதற்கான சிகிச்சைக்குப் போய்வரும் செலவு. மிச்சத்துக்கு ஆறு கோழிக்குஞ்சு.

ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர், பாரிசவாதம் வந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், ஷெல் துண்டு உடம்பில் கிடப்பவர், கால் இழந்தவர் ஆகியோருக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அவர்கள் வைத்தியசாலையின் உடற்சிகிச்சைப் பிரிவில் தொடங்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்று நிலையம் உண்டு. செயற்கைக் கால் பொருந்தாமல் நோகிறவர்கள் அதைச் சரிசெய்யாமல் நடையைக் கூட்டக் கூடாது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் அதற்கு உதவும். காய்ச்சலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ வார்ட்டில் படுத்து வந்தவர்களையும் இந்தக் கூட்டத்தில் சேருங்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் சுகதேகியான முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டினம், இனி நல்லா ஓய்வெடுங்கோ" என்று திரும்பவும் கட்டிலில் விடுவதற்கு முதல், வார்ட்டில் நிற்கும்போதே வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது எழும்பி நடக்கலாம், எந்த அசைவு கூடாது, உடற்சிகிச்சைக்குத் துண்டு எழுதித் தருவீர்களா. பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள், அடுத்த முறை வேறு டொக்டர் இருப்பார்.